அது கழிவு நீர் அல்ல

ஆகஸ்ட் 18, திங்கள்

பெற்ற மகனையே நான் போலீசில் காட்டிக் கொடுத்துவிட்டேன் என்று கோயில் வாசலில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. நான் யாருக்கும் போன் செய்யவில்லை. யாரிடமும் போய் எதுவும் சொல்லவில்லை. சனிக்கிழமை காலை அவர்களாகவே ஜீப்பில் வந்து இறங்கினார்கள். வீட்டுக்குச் சொந்தக்காரி என்ற முறையில் என்னிடம் சில கேள்விகள் கேட்டார்கள், பதில் சொன்னேன். எழுதிய தாளை நீட்டினார்கள். படித்துப் பார்த்து, தவறாக இருந்ததைத் திருத்தி, கையெழுத்திட்டேன். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்பது தூத்துக்குடி கான்வென்ட்டில் சிஸ்டர்கள் கற்றுக் கொடுத்தது. பிறகு துறைமுக அலுவலகத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்து ஓய்வு பெறும்வரை நான் அதை மீறியதில்லை. கர்வாலோ குடும்பத்துக்கு மருமகளாகி, ஓய்வுக்குப் பிறகு இந்தப் பாம்பனுக்கு வந்தும் மீறியதில்லை. என் பெயர் எமரென்சியா. ஊரார் கூப்பிடுவது போல ‘எமரெஞ்சி’ அல்ல.

இன்னொன்று. என் வளவுக்குள் யாரும் சாராயம் காய்ச்சவில்லை. என் மகன் ரெமி செய்வது எத்தனால். ஜெனரேட்டருக்கும் வண்டிக்கும் ஊற்றுகிற எரிபொருள். கடலில் மூங்கில் தெப்பம் கட்டிப் பெண்கள் வளர்க்கிறார்களே, அந்தப் பாசியிலிருந்து எடுப்பது. பாசியைப் பிழிந்து சாற்றை உரத்துக்குக் கொடுத்துவிடுகிறான். மிஞ்சும் சக்கையை அமிலம் கலந்த தண்ணீரில் வேகவைத்தால் சர்க்கரை பிரிகிறது. சுண்ணாம்பு போட்டுப் புளிப்பை முறித்து, ஆறவிட்டு, ஈஸ்ட் சேர்த்தால் அந்தச் சர்க்கரை ஆல்கஹாலாக மாறுகிறது. பிறகு வடிக்க வேண்டும். மஸ்கட்டில் நல்ல வேலையை விட்டுவிட்டு வந்து மூன்று வருடமாக இதைச் செய்துகொண்டிருக்கிறான். லைசென்சுக்கு விண்ணப்பித்திருக்கிறான். வர வேண்டியதுதான் பாக்கி.

வருவதற்கு முன்னால் ஏன் ஈஸ்ட் போட்டான் என்கிறார்கள். செப்டம்பர் எட்டாம் தேதி மாதா திருவிழா. தேர் விளக்குகளுக்கு ரெமியின் எரிபொருளில்தான் ஜெனரேட்டர் ஓடும் என்று பங்குச்சாமியிடம் சொல்லியாகிவிட்டது. சொன்னது நான். யாராவது ஒருவர் சொல்லத்தானே வேண்டும்.

ரெமி வேலை செய்யும் கொட்டகையின் கதவுக்குப் பூட்டும் அரக்கு முத்திரையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நீல பேரல்கள் எல்லாம் உள்ளே. ரெமியை ஸ்டேஷன் ஜாமீனில் விட்டார்கள். தினமும் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

தண்ணீர் லாரி வரவில்லை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் கொட்டகையிலிருந்து ஆப்ப மாவு வாசனை. நல்ல வாசனை. பேரல்களுக்குள் ஈஸ்ட் வேலை செய்துகொண்டிருக்கிறது. அதற்கு முத்திரை பற்றித் தெரியாது.

ரெமிக்குத் தட்டு வைத்தேன். பசியில்லை என்றான்.

ஆகஸ்ட் 21, வியாழன்

செங்கோல் மேரி வந்தாள். பாசி வளர்க்கும் பெண்கள் குழுவுக்கு அவள்தான் தலைவி. முகத்தைச் சுற்றித் துணி கட்டியபடி, கடலிலிருந்து நேராக, ஈரச் சேலையோடு வந்து என் கூடத்தில் நின்றாள்.

“என்னம்மா இப்பிடிப் பண்ணிப்புட்டீக?”

“நான் ஒண்ணும் பண்ணலை. உட்கார்.”

“உக்கார நேரமில்ல. தெப்பத்துல பாசி வெட்டுக்கு நிக்கிது. உங்க மகன் எடுத்துக்கிருவாருன்னு யாவாரிய வேணாம்னு வெரட்டி விட்டோம். இப்ப அந்தாளு மொகத்துல எப்பிடி முழிக்க?”

“கதவு முத்திரையை எடுத்ததும் ரெமி வாங்கிக்கொள்வான்.”

“போலீசு வச்ச சீல எப்ப எடுப்பாகளாம்?”

மின்விசிறியை அவள் பக்கம் திருப்பினேன்.

“ஊருல நாங்கள்லாம் போலீசு வந்து கேட்டா ‘தெரியாதுய்யா’ன்னுருவோம். ஒத்த வார்த்த. அத ஒங்க கான்வென்ட்டுல சொல்லிக் குடுக்கலையாக்கும்?”

“தெரிஞ்சதை வெச்சுக்கிட்டுத் தெரியாதுன்னு எப்படிச் சொல்றது?”

“வாயத் தொறந்துதான்” என்றாள்.

போகும்போது வாசலில் ஈரக் கால்தடம். துடைத்தேன். அவள் கெட்டவள் அல்ல. ஆனால் சத்தம் அதிகம்.

ஆகஸ்ட் 23, சனி

இன்று கள் வாசனை. ரெமி கொட்டகைச் சுவரில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். இரண்டு மூன்று நாளில் வடித்தாக வேண்டும், இல்லையென்றால் புளித்துக் காடியாகிவிடும். அவன் சொல்லவில்லை. கிறிஸ்மஸ் ஒயின் போட்டுப் பழகிய எனக்கே தெரியும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

முதல் பூசைக்குப் போனேன். என் வழக்கமான பெஞ்சில் எனக்கு இரு பக்கமும் இடம் காலியாக இருந்தது. காற்றோட்டமாக இருந்தது என்பது உண்மை.

பூசை முடிந்து பங்குச்சாமி என்னிடம் வந்து, தேருக்கு டீசல் ஜெனரேட்டர் வாடகைக்குச் சொல்லியிருப்பதாகக் கூறினார். “ஒரு முன்னேற்பாடுதாம்மா, வருத்தப்படாதீங்க.” நான் வருத்தப்படவில்லை என்று சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். யாரும் என் கையைப் பிடிப்பது எனக்குப் பிடிக்காது.

ஒயினைப் பற்றி எழுத மறந்துவிட்டேன். அந்தச் சனிக்கிழமை எஸ்.ஐ. கோட்டைச்சாமி ஸ்டோர் ரூமில் என் ஒயின் ஜாடியைத் தூக்கிப் பார்த்தார். திரும்ப வைத்துவிட்டு, “இத நான் பாக்கல” என்றார். “பார்த்தீர்கள், கையில் தூக்கினீர்கள்” என்றேன். ரெமி கண்ணை மூடிக்கொண்டான். கோட்டைச்சாமி சிரித்துவிட்டு வெளியே போய்விட்டார். அந்த ஜாடியை யாரும் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

ஆட்டோ வைத்து ஸ்டேஷனுக்குப் போனேன். ரெமியிடம் சொல்லவில்லை. சாம்பல் நிறப் பட்டுப்புடவை. அரசு அலுவலகத்துக்கு உடுத்தும் உடை அதுதான்.

கோட்டைச்சாமி எழுந்து நின்று நாற்காலி போட்டார். மரியாதை தெரிந்தவர்.

“வாங்கம்மா. டீ சொல்லவா?”

“வேண்டாம். நான் கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற வந்திருக்கிறேன்.”

அவர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். “எந்தப் பகுதி?”

“நான் திருத்திய பகுதி.”

வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நான் என்னம்மா எழுதுனேன்? ‘பாசி உரம் பிழிஞ்ச கழிவுத் தண்ணி, புளிச்ச நிலைமையில’. அவ்வளவுதான? ஒங்க மகன் வாயத் தொறக்காம நின்னாப்ல. புரிஞ்சுக்கிட்டாப்ல. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டுருந்தா எல்லாத்தையும் கீழ ஊத்தச் சொல்லிட்டு, ‘லைசென்ஸ் வராம இனித் தொடாதப்பா’ன்னு ஒரு அதட்டு அதட்டிட்டுப் போயிருப்பேன்.”

“அது கழிவுத் தண்ணீர் இல்லையே.”

“இல்லதான். எனக்கு மூக்கு இல்லையா?”

“அப்படியிருக்க ஏன் அப்படி எழுதினீர்கள்?”

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு விருப்பமில்லை.

“நீங்க எம் பேனாவையே வாங்கி அத அடிச்சீகம்மா. அடிச்சிட்டு எழுதுனீக. ‘இது கழிவு நீர் அல்ல. என் மகன் மூன்று வருட ஆராய்ச்சியின் பலனாக, வடிப்பதற்கென்றே ஈஸ்ட் சேர்த்துத் தயாரித்த ஆல்கஹால் கரைசல்’னு. ஈஸ்ட் போட்ட தேதி வேற. பக்கத்துல ரெண்டு ஏட்டு நிக்கிறாக, பஞ்சாயத்து ஆளு நிக்கிறாரு. நீங்க அத வாசிச்சுக் காட்டவும் செஞ்சீக. அதுக்கப்புறம் நான் என்னத்தச் செய்ய?”

“இப்போது மாற்ற முடியுமா?”

“கோர்ட்டுக்குப் போயிருச்சும்மா.” பிறகு, என்னைத் தேற்றுவதற்காகவோ என்னவோ, “கையெழுத்து அச்சடிச்சது கணக்கா இருக்குன்னு அங்க எல்லாரும் சொன்னாக” என்றார்.

டீ வந்தது. குடித்தேன்.

ஆகஸ்ட் 27, புதன்

கோட்டைச்சாமி எழுதிய தாளில் இன்னும் இரண்டு தவறுகள் இருந்தன. வீட்டுக் கதவு எண் தவறு. என் கணவர் இறந்துவிட்டார் என்பதைக் குறிப்பிடவே இல்லை. அவற்றையும் நான்தான் சரிசெய்தேன். அவற்றைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

ஆகஸ்ட் 30, சனி

நேற்றுக் கொடியேற்றம். போகவில்லை. முழங்கால் வலி.

ஜன்னலைத் திறந்தால் காடி நெடி. மூடி வைத்தாலும் வருகிறது. திரைச்சீலையைத் துவைத்துப் போட்டேன், அதிலும் வருகிறது. ரெமி இப்போது கொட்டகைப் பக்கம் போவதில்லை.

மஸ்கட்டிலிருந்து ஜெசிந்தா போனில் கூப்பிட்டாள். மருமகள் எப்போதும் முதலில் என் உடல்நலம் கேட்பாள், இன்று கேட்கவில்லை. “அவரைப் பழைய கம்பெனியில மறுபடி எடுத்துக்கிறதா இருந்தாங்க. இப்போ கேஸ் முடியாம வெளிநாடே போக முடியாதாமே. உங்களுக்குச் சந்தோஷம்தானே அத்தை?” என்றாள். நிதானம் தவறிப் பேசுகிறாள் என்று போனை ரெமியிடம் கொடுத்துவிட்டேன். ரெமியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளத்தான் நான் கொட்டகையைக் கொடுத்தேன் என்பது அவளுடைய எண்ணம். தவறு. கொட்டகை சும்மா கிடந்தது.

செப்டம்பர் 3, புதன்

அழித்துவிட உத்தரவு வந்தது.

காலையிலேயே ஏட்டுகள் வந்து முத்திரையை உடைத்தார்கள். கதவைத் திறந்ததும் ஒருவர் வாந்தி எடுத்தார். பேரல்களை ஒவ்வொன்றாக வெளியே உருட்டினார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் செங்கோல் மேரியும் நாலைந்து பெண்களும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் சத்தம் போடவில்லை. செங்கோல் மேரி கூட.

ரெமி வாசற்படியில் நின்றான். சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தான், வேலைக்குப் போகிறவன் போல. செய்வதற்கு அவனுக்கு ஒன்றும் இல்லை.

பெரிய ஏட்டு என்னிடம் வந்து, “இந்தக் கழிவ எங்கம்மா ஊத்த?” என்று கேட்டார்.

வாயைத் திறந்தேன். ரெமி என்னைப் பார்த்தான்.

கொய்யாமரத்தடியைக் காட்டினேன்.

மண் குடிக்க முடியாமல் நுரைத்துக்கொண்டு நின்றது. மூன்று வருடத்தில் அவன் செய்ததிலேயே பெரிய ஊறல் அது. ஊறல் என்பது சாராயம் பிடிக்கிற போலீஸ்காரர்களின் சொல். எனக்கு வேறு சொல் இப்போது வரவில்லை.

வடிக்கும் கலத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். காலி பேரல்களை விட்டுவிட்டார்கள். போன பிறகு செங்கோல் மேரி கேட்டைத் திறந்து உள்ளே வந்து, ரெமியிடம் “சாப்புட்டீகளா தம்பி?” என்றாள். அவன் இல்லை என்றான். தூக்குவாளியில் கஞ்சி கொடுத்தாள். வாங்கிப் படியில் உட்கார்ந்து குடித்தான். உள்ளே மேசையில் நான் இடியாப்பம் வைத்திருந்தேன்.

செப்டம்பர் 8, திங்கள்

மாதா திருவிழா. வாடகை ஜெனரேட்டர் ஊருக்கே கேட்கும்படி இரைந்தது, கரும்புகை. தேர் எங்கள் தெரு முனைக்கு வந்தபோது விளக்கு இரண்டு தடவை அணைந்தது. எனக்கு அதில் மகிழ்ச்சி இல்லை.

ரெமி வாசலில் நின்று தேரைப் பார்த்தான். நானும் நின்றேன். எங்களுக்கு நடுவில் இன்னொருவர் நிற்கலாம், அவ்வளவு இடம்.

செப்டம்பர் 16, செவ்வாய்

ஜீப்பில் வந்த அந்தச் சனிக்கிழமையே அவர்கள் இரண்டு பாட்டிலில் மாதிரி எடுத்துப் போனார்கள். மூடிய பாட்டிலுக்குள்ளும் ஈஸ்ட் தன் வேலையை முடித்திருக்கிறது. அந்த மாதிரிகளின் ஆய்வக அறிக்கை வந்துவிட்டது. பிரதியை வக்கீல் சிக்கந்தர் கொண்டுவந்து கொடுத்தார். ராமநாதபுரத்துக்காரர். நல்ல மனிதர், ஆனால் சட்டைப் பொத்தான் ஒன்று எப்போதும் இல்லை.

ரெமி படித்தான். மறுபடி படித்தான். பிறகு சிரித்தான். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு இந்த வீட்டில் அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை.

“ஆல்கஹால் ஆறு சதவீதத்துக்கு மேல” என்றான் வக்கீலிடம். “எனக்கு மூணு தாண்டினதே இல்ல சார். உப்பு ஈஸ்ட்டைக் கொன்னுடும். இந்தத் தடவை சக்கையை நாலு தண்ணியில அலசிட்டு வேகவெச்சேன். அதான் காரணம். வேலை செஞ்சிருக்கு.”

“தம்பி, இது உங்களுக்கு எதிரான சாட்சி.”

“தெரியும் சார். ஆனா வேலை செஞ்சிருக்கு.”

நான் பெருமையாக இருக்கிறது என்று சொன்னேன். அவன் தாளை மடித்து மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டான்.

செப்டம்பர் 18, வியாழன்

வக்கீல் மறுபடி வந்தார். இந்தத் தடவை என்னைப் பார்க்க.

“பெரியம்மா, கோவிச்சுக்கக் கூடாது. ஆய்வக அறிக்கை ஆல்கஹால் இருந்துச்சுன்னு மட்டும்தான் சொல்லுது. சக்கைத் தண்ணியைப் போட்டு வெச்சா அது தானாவும் புளிக்கும், லைசென்ஸ் வர்ற வரைக்கும் சும்மா கிடந்துச்சுன்னு நான் வாதாடலாம். வேணும்னே ஈஸ்ட் போட்டார், வடிக்கத்தான் போட்டார்ங்கிறது எதுல இருக்கு? உங்க எழுத்துல மட்டும்தான்.”

“அது உண்மை.”

“உண்மைதான். உங்களை சாட்சிக் கூண்டுல ஏத்துவாங்க. அப்போ நீங்க சொல்லணும். வயசாயிடுச்சு, ஞாபகம் நிக்கறதில்ல, போலீசைப் பார்த்துப் பதறிட்டேன், என்ன எழுதினேன்னே தெரியலை. மகன் பண்றது எனக்குப் புரியாது. அது ஏதோ கழிவுத் தண்ணி. இவ்வளவுதான்.”

“எனக்கு ஞாபகம் நன்றாகவே நிற்கிறது.”

“தெரியுது பெரியம்மா. அதுதான் என் பயமே.”

சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் ரெமி உட்காரும் நாற்காலியைப் பார்த்தார். “உள்ளே போக வேண்டிவரலாம்” என்றார்.

செப்டம்பர் 19, வெள்ளி

கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். “எனக்கு வயதாகிவிட்டது. நான் என்ன எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை.” நம்பும்படி இல்லை. மிகவும் திருத்தமாக இருந்தது. செங்கோல் மேரி சொல்வது போல “தெரியாதுய்யா” என்று சொல்லிப் பார்த்தேன். அது பரவாயில்லை. ‘கழிவுத் தண்ணி’ என்ற இடத்தில் நின்றுவிடுகிறது. பல தடவை முயன்றேன்.

கொய்யா இலை பழுக்கிறது.

செப்டம்பர் 20, சனி

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். ஒரு நல்ல காரியத்துக்காகப் பொய் சொல்லலாமா என்று சாமியிடம் கேட்டேன். செபியுங்கள் என்றார். அதை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தபோது ரெமி காலி பேரல்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தான். எதற்கு என்று கேட்டேன். “சும்மா” என்றான். இந்த ஒரு மாதத்தில் அவன் என்னிடம் நேராகச் சொன்ன சொற்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கும்: பசியில்லை, வேண்டாம், சும்மா.

செப்டம்பர் 21, ஞாயிறு

ரெமி,

நான் இரண்டாம் பூசைக்குப் போகிறேன். இந்த நோட்டைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துவிட்டுப் போகிறேன். இதுவரை எழுதியதை நீ படிக்கலாம். படித்தால், எங்காவது நான் நடந்ததற்கு மாறாக எழுதியிருந்தால் அடித்துத் திருத்து. உன் பேனா மேசையிலேயே இருக்கிறது.

விசாரணையின்போது வக்கீல் சொன்னபடி சொல்ல நான் தயாராகிவிட்டேன். வயதானவள், ஞாபகமில்லாதவள், பயந்துவிட்டேன் என்பதையெல்லாம் சொல்ல எனக்குத் தடையில்லை. கோர்ட்டில் யார் சிரித்தாலும் பரவாயில்லை. நன்றாகப் பழகிவிட்டேன்.

ஒன்றுதான் எனக்குத் தெரியவில்லை. நீ செய்தது கழிவு நீர் என்று நான் ஊர் முன்னால் சொல்ல வேண்டும். அன்று அவர் அப்படி எழுதியிருந்ததைப் படித்தபோது என்னால் பொறுக்க முடியவில்லை. உன்னைப் பற்றி எழுதியது போல இருந்தது. நான் செய்ததெல்லாம் அதனால்தான். வேறு காரணம் இல்லை. இதில் பிழை இருந்தால் இதையும் திருத்து.

நான் அப்படிச் சொன்னால் நீ வீட்டில் இருப்பாய். ஆறு சதவீதம் இல்லாமல் போகும். சொல்லாவிட்டால் ஆறு சதவீதம் இருக்கும். நீ இருக்க மாட்டாய். எனக்கு எது வேண்டும் என்று நீ கேட்க வேண்டாம். உனக்கு எது வேண்டும் என்று நான் இதுவரை கேட்டதில்லை என்பது இதைத் திரும்பப் படிக்கும்போது தெரிகிறது. இப்போது கேட்கிறேன்.

அதை நான் கழிவு என்று சொல்லலாமா?

வாய்விட்டுப் பேச வேண்டாம். இந்தப் பக்கத்தின் அடியில் இடம் விட்டிருக்கிறேன். ஒரு வார்த்தை போதும். பதிலை எழுத்தில் தரவும்.

அம்மா